ஒரு தம்ளர் தண்ணீர் போதுமா?

ஐயா,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் ஆறு வருஷமாக வியாசர்பாடியில் எங்கள் பெந்தெகொஸ்தே சபைக்கு வருகிறார். விசுவாசம் உண்டு, ஜெபிப்பார். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழை நினைத்து ஞானஸ்நானத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. மூக்கில் குழாய். நினைவு தெளிவாக இருக்கிறது, “எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கப்பா” என்கிறார். முழுகாவிட்டால் அது ஞானஸ்நானமே இல்லை என்கிறார்கள் சபையில். ராயபுரத்தில் இருக்கும் என் பாட்டி கத்தோலிக்கர். “ஒரு தம்ளர் தண்ணிய எடுத்து நீயே ஊத்துடா” என்கிறார். எது சரி? எடுக்காமலே போய்விட்டால் இரட்சிப்பு கிடையாதா?

வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் நேரம் குறைவு. கத்தோலிக்கச் சட்டப்படி அவர் சொன்னது சரி. உயிருக்கு ஆபத்து, குருவானவர் வந்து சேர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஞானஸ்நானமே பெறாத ஓர் இந்து நர்ஸ்கூடக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் போதும்.

தண்ணீர், தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கடல்நீர் எதுவும் செல்லும். மந்திரித்த தீர்த்தத்துக்கு அலைய வேண்டாம். பாலும் இளநீரும் எண்ணெயும் செல்லாது. அரைத் தம்ளர் போதும், ஆனால் அது தலையின் தோல்மேல் ஓட வேண்டும். ஈர விரலால் நெற்றியில் சிலுவை வரைவது, பஞ்சை நனைத்து ஒற்றுவது, முடியிலேயே தண்ணீர் தங்கிவிடுவது, இவைதான் அவசரத்தில் நடக்கும் தவறுகள். பிறகு செல்லுமா செல்லாதா என்ற சந்தேகம் மிஞ்சும். முகத்தைச் சற்று ஒருபுறம் திருப்பி, மூக்குக்குழாயில் படாமல் நெற்றி ஓரமாக ஊற்றுங்கள். மூன்று முறை என்பது வழக்கம், ஒருமுறையும் செல்லும். டியூட்டி நர்ஸிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

ஊற்றுகிறவரே, ஊற்றும்போதே, பெயரைச் சொல்லி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்வது கூடாது. “கொடுக்கிறோம்” என்றும் சொல்லக் கூடாது. “நாங்கள்” என்று பன்மையில் கொடுத்தது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. தமிழில் வினைமுற்றின் ஒரே எழுத்தில் ஆள் மாறிவிடுவதால் நாக்கு பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமனாரை “உனக்கு” என்று எப்படிச் சொல்வது எனத் தயங்கினால் “உங்களுக்கு” என்றே சொல்லலாம், பொருள் கெடாது. “இயேசுவின் நாமத்தினால்” என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சபைகளும் உண்டு. அதைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை.

வயது வந்தவருக்கு அவரே கேட்டிருக்க வேண்டும், அடிப்படை விசுவாசம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாமனார் வாய்விட்டே கேட்கிறார், ஆகவே சிக்கல் இல்லை. நாளைக்கு நினைவு தப்பினாலும் முன்பு கேட்டது செல்லும். ஒருபோதும் கேட்காதவருக்கு மயக்கத்தில் ஊற்றுவது மரியாதையும் அல்ல, முறையும் அல்ல. இறந்த பிறகு கொடுப்பதில்லை. சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தேதி, நேரம், ஊற்றியவர் பெயர் எழுதி, பக்கத்துப் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் ஏற வேண்டுமே. பிழைத்து எழுந்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், எண்ணெய் பூசுதல் போன்ற விடுபட்ட சடங்குகளை மட்டும் நிறைவு செய்வார்கள்.

இனி உங்கள் சபை. அவர்கள் வீம்புக்குச் சொல்லவில்லை. கிரேக்க மூலச்சொல்லுக்கு முக்குதல் என்பதே நேர்ப்பொருள். ரோமர் 6இல் பவுல் சொல்லும், கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்படுவதும் எழும்புவதும் முழுக்கில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஆதிச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான திதாகே, ஓடும் நீரை முதலில் சொல்லி, இல்லையேல் வேறு நீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் இல்லையேல் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானிடம் உங்கள் கேள்வியையே கேட்டார்கள்: நோய்ப்படுக்கையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவர் முழுக் கிறிஸ்தவரா? ஆம் என்றுதான் பதில் எழுதினார்.

எனக்கு இதில் வியப்பான ஒன்று உண்டு. ஞானஸ்நானம் மீட்புக்கு அவசியம் என்று அழுத்திச் சொல்லும் சபைதான் அதை யாரும் எங்கேயும் கொடுக்கும்படி எளிதாக்கி வைத்திருக்கிறது. இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே, ஞானஸ்நானம் கீழ்ப்படிதலின் அடையாளம் என்று சொல்லும் சபையோ அதற்கு முழுக்குத் தொட்டியும் நடமாடும் உடம்பும் கேட்கிறது. ஒன்றுக்கு அது மருந்து, மற்றொன்றுக்குச் சாட்சி. மருந்தை யார் கொடுத்தாலும் வேலை செய்யும். சாட்சியை அவரவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். உங்கள் சபை தன் கொள்கைப்படியே பேசினால், முழுக முடியாத மாமனாரின் இரட்சிப்பு தண்ணீரில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் “முழுகாவிட்டால் இல்லை” என்பதோடு நிறுத்தினால் பாதி உபதேசம்தான்.

வசனங்கள் இரு பக்கமும் உண்டு. “ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்” என்கிறது யோவான் 3:5. மாற்கு 16:16இன் முதல் பாதி ஞானஸ்நானத்தைச் சேர்த்துச் சொல்கிறது, ஆக்கினையைச் சொல்லும் பின்பாதியில் விசுவாசியாமை மட்டுமே இருக்கிறது. (அந்தப் பகுதியே மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் இல்லை என்பது வேறு விஷயம்.) ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு பெற்ற, சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டுவார்கள். ஞானஸ்நானக் கட்டளை அதற்குப் பிறகுதான் வந்தது என்ற மறுப்பும் நியாயமானதே. ஆகவே எனக்கு ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீடுதான் வலுவான சான்று. அப்போஸ்தலர் 10இல் தண்ணீருக்கு முன்பே ஆவி இறங்குகிறது. அப்படியும் பேதுரு, இனி தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடவில்லை.

கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 1257ஆம் பத்தி, கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு (ஞானஸ்நானத்தோடு) பிணைத்திருக்கிறார், தாம் மட்டும் தம் அருளடையாளங்களால் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. ஞானஸ்நானத்துக்கான ஆயத்தத்தில் இருக்கும்போதே இறந்தவருக்கு, மனந்திரும்புதலோடும் அன்போடும் சேர்ந்த அந்த விருப்பமே மீட்பை உறுதிசெய்யும் என்று அடுத்த பத்திகள் சொல்கின்றன. பேரரசன் இரண்டாம் வாலன்டீனியன் 392இல் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தபோது மிலான் ஆயர் அம்புரோஸ் அவன் சகோதரிகளைத் தேற்றியது இப்படித்தான்: கேட்டான், கேட்டதால் பெற்றான். மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன்கள் ஞானஸ்நானம் அவசியம் என்றே 1530இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையில் எழுதினார்கள். ஆனால் அது கிடைக்காமல் போவது ஆக்கினை அல்ல, அதை இகழ்வதுதான் ஆக்கினை என்பது அவர்கள் மரபு.

தள்ளிப் போட்டது இகழ்ச்சியா என்றுதான் உங்கள் மனசில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். 1950ஆம் ஆண்டின் ஆணையும் அதன் பிந்தைய திருத்தங்களும் சொல்கிறபடி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட முடியும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போக வேண்டும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் விசுவாசிகள் பலர் தொட்டிக்கு வெளியே நிற்பதற்கு இதுதான் காரணம், அவநம்பிக்கை அல்ல. பேரரசன் கான்ஸ்டன்டைன் எந்தச் சான்றிதழுக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. 337இல் சாகக் கிடந்தபோதுதான் அவனும் பெற்றான். அவனைப் பொறுத்துக்கொண்ட சபைகள் உங்கள் மாமனாரையும் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கே ஒரு குருவானவரையோ சி.எஸ்.ஐ. போதகரையோ வார்டுக்கு அழைத்துப் பாருங்கள், அதுதான் முறை. வரமுடியாவிட்டால் நீங்களே ஊற்றுங்கள். பிழைத்தால் உங்கள் பாஸ்டர் திரும்ப முழுகச் சொல்லக்கூடும், பாட்டி கூடாது என்பார். அந்தச் சண்டையை மாமனார் வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். போகும்போது ஒரு துண்டு எடுத்துப் போங்கள், தலையணை நனையும்.