கிரீன் கார்டுல வந்தாச்சு, பொண்ணு காலேஜ் செலவுக்கு என்ன வழின்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அண்ணன் ஸ்பான்சர் பண்ணி, பதினஞ்சு வருஷத்துக்கு மேல காத்திருந்து, இப்ப தான் ரெண்டு மாசம் முன்னாடி குடும்பத்தோட நியூ ஜெர்சி எடிசன் வந்திருக்கீங்க. நீங்க வேர்ஹவுஸ்ல வேலை, வீட்ல அவங்க கடையில பார்ட் டைம், பொண்ணு லெவன்த் கிரேடு. இங்க உள்ள நம்மாளுங்க எல்லாரும் நமக்கு இங்க காலேஜ் செலவுக்கு ஒரு எய்டும், அதாவது உதவியும், கிடைக்காது, எல்லாமே கைக்காசு இல்லேன்னா லோன் தான்னு சொல்றாங்க, அண்ணன் லோனுக்கு கோ-சைன், அதாவது கூட கையெழுத்து, பண்றேங்கறார், இல்லேன்னா ஊர்ல இருக்கற இடத்த வித்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. இடத்த விக்காதீங்க. அண்ணன் கையெழுத்தும் இப்ப வேண்டாம். பொறுமையா இத முழுசா படிங்க.

அவங்க சொல்றது பொய் இல்ல, ஆனா அது அவங்க நிலைமை. உங்கள சுத்தி இருக்கறவங்க முக்கால்வாசி எச்-1பிங்கற வேலை விசால இருக்கறவங்க, அவங்க பசங்க எச்-4ங்கற குடும்ப விசால இருப்பாங்க, அந்தப் பசங்களுக்கு ஃபெடரல் எய்டு கிடையாது, அந்த எய்டுக்கு போடற ஃபாஃப்சாங்கற ஃபார்ம போட்டும் பிரயோஜனம் இல்ல. உங்க பொண்ணு வந்த நாள்லேர்ந்தே பெர்மனென்ட் ரெசிடென்ட். அமெரிக்கன் சிட்டிசன் பிள்ளைக்கு என்னென்ன ஃபெடரல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத காசு), லோன் உண்டோ அவ்வளவும் உங்க பொண்ணுக்கும் உண்டு, இத்தன வருஷம் இருந்திருக்கணும்னு ஃபெடரல்ல காத்திருப்பும் இல்ல. பத்து வருஷமா இங்க இருக்கற எஞ்சினியர் வீட்டுப் பையனுக்கு கிடைக்காதது உங்களுக்கு கிடைக்கும்னு சொன்னா அவங்களே நம்ப மாட்டாங்க, அதனால தான் இந்த விஷயத்துல பக்கத்து வீட்டு அனுபவத்த வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன்.

இன்னொரு பயம் உங்க கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கு, நீங்க நேரா கேக்கல, ஆனா ஸ்பான்சர்ல வந்த எல்லாருக்கும் இருக்கறது தான். உங்கள நான் பாத்துக்கறேன்னு ஸ்பான்சர் உறுதி கொடுக்கற ஐ-864 ஃபார்ம்ல அண்ணன் கையெழுத்து போட்டிருக்கார், நாம கவர்மென்ட் காசு வாங்கினா அவர் தலைல விழுமா, நாளைக்கு சிட்டிசன்ஷிப்ல கேப்பாங்களா? விழாது. ஃபெடரல் ஸ்டூடண்ட் எய்ட அந்த ஸ்பான்சர் கணக்குலேர்ந்து சட்டத்துலயே விலக்கி வச்சிருக்காங்க. ஃபாஃப்சால அண்ணனோட சம்பளத்த கேக்கறதும் இல்ல, பெத்தவங்க வருமானமும் பிள்ளை வருமானமும் தான் கணக்கு. பெல் கிராண்ட்ங்கற ஃபெடரல் கிராண்ட வாங்கினதால சிட்டிசன்ஷிப்புக்கு ஒரு தடையும் வராது. இந்த பயத்துல ஃபார்மே போடாம விட்ட குடும்பங்கள நான் இங்க பாத்திருக்கேன், அந்தப் பிள்ளைங்க வாங்கின கடன நெனச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு.

சரி, ஃபாஃப்சாவுக்கு வருவோம். ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் சைட்ல போடற இலவச ஃபார்ம் அது. யாராவது பீஸ் வாங்கிட்டு போட்டுத் தரேன்னா ஒதுங்கிடுங்க. வழக்கமா அக்டோபர் 1ம் தேதி திறக்கும், அதாவது பொண்ணு ட்வெல்த் கிரேடு ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல. ரெண்டு வருஷம் முந்தின வருமானத்த தான் கேப்பாங்க, 2027-28 படிப்புக்கு 2025 வருமானம். 2025ல நீங்க ஊர்ல இருந்தீங்க, இங்க டாக்ஸ் பைல் பண்ணல, அதனால ஊர்ல சம்பாதிச்சத டாலரா மாத்தி உண்மையா எழுதணும். ரூபாய் வருமானம் டாலர்ல சின்னதா தான் தெரியும், அதனால மொத வருஷம் ஸ்டூடண்ட் எய்ட் இண்டெக்ஸ்ங்கற நம்பர் ரொம்ப கம்மியா வர வாய்ப்பு அதிகம், அது எவ்வளவு கம்மியோ அவ்வளவு உதவி. ஆனா இத மட்டும் வச்சு நாலு வருஷத்துக்கும் கணக்கு போட்டுடாதீங்க. ஃபாஃப்சா வருஷா வருஷம் புதுசா போடணும், அடுத்த வருஷம் உங்க டாலர் சம்பளம் கணக்குல ஏறும், கிராண்ட் குறையலாம். மொத வருஷ எய்ட பாத்துட்டு விலை ஜாஸ்தியான காலேஜ்ல சேத்துட்டு ரெண்டாவது வருஷம் முழிக்கற நெலம வரக்கூடாது.

ஊர்ல உள்ள இடத்த மறைக்கணுமான்னு சிலர் யோசன சொல்வாங்க, கேக்காதீங்க. குடியிருக்கற வீடு ஃபாஃப்சா கணக்குல வராது, மத்த நிலம், வாடகை வீடு எல்லாம் வெளிநாட்ல இருந்தாலும் முதலீடு தான், சொத்து கேள்வி வந்தா இன்னைக்கு என்ன மதிப்போ அத எழுதுங்க. காலேஜ் வெரிஃபிகேஷன் கேட்டா ஊர் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன், சம்பள சர்டிபிகேட் மாதிரி பேப்பர் காட்ட வேண்டி வரும், அத இப்பவே எடுத்து வைங்க, அப்புறம் அங்க ஆபீஸ்ல போன் பண்ணி வாங்கறது பெரும்பாடு.

நம்ம ஆளுங்க எல்லாரும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு, பேர். பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, கிரீன் கார்டுல ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டுல அப்பா பேர் முன்னாடியோ பின்னாடியோ, ஸ்கூல்ல இனிஷியல் மட்டும். ஃபாஃப்சா பேரையும் பொறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டியோட ஒப்பிட்டுப் பாக்கும், கிரீன் கார்டுல உள்ள ஏ-நம்பர ஹோம்லேண்ட் செக்யூரிட்டியோட ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினாலும் அப்படியே நின்னுடும், சரி பண்ண வாரக்கணக்கா ஆகும். அதனால இப்பவே எல்லா கார்டையும் மேசைல பரப்பி வச்சு பாருங்க, மாறி இருந்தா சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் போய் திருத்திடுங்க. அப்புறம் அந்த ஃபாஃப்சா சைட்ல பொண்ணுக்கு ஒரு அக்கவுன்ட், உங்களுக்கு ஒண்ணு, நீங்க சேந்து டாக்ஸ் பைல் பண்ணாத வருஷம்ங்கறதால வீட்ல அவங்களுக்கும் ஒண்ணு வேணும். டாக்ஸ் விவரத்த ஐஆர்எஸ்லேர்ந்து எடுத்துக்கலாம்னு மூணு பேரும் கன்சென்ட், அதாவது சம்மதம், கொடுக்கணும், டாக்ஸே பைல் பண்ணலேன்னாலும் கன்சென்ட் கொடுத்தே ஆகணும், இல்லேன்னா ஃபெடரல் எய்டு மொத்தமும் போயிடும்.

இந்த ஒரு ஃபார்ம் போட்டா என்ன வரும்னு கேட்டா, மொதல்ல பெல் கிராண்ட், 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டாம். ரொம்ப தேவையுள்ள பிள்ளைங்களுக்கு எஃப்எஸ்இஓஜின்னு காலேஜ் வழியா 4,000 டாலர் வரைக்கும் இன்னொரு கிராண்ட், அது காலேஜ் கைல உள்ள காச பொறுத்து, சீக்கிரம் போட்டவங்களுக்கு வாய்ப்பு அதிகம். வொர்க்-ஸ்டடின்னு ஒண்ணு வரும், அது கேம்பஸ்ல வேலை செஞ்சா வர்ற சம்பளம், பீஸ்ல முன்கூட்டியே கழியாது, அத கிராண்ட் மாதிரி எண்ணிடாதீங்க.

அடுத்தது ஸ்டேட் காசு, நியூ ஜெர்சிக்காரங்களுக்கு இது நிஜமாவே பெரிய விஷயம், பல ஸ்டேட்ல இந்த அளவுக்கு இல்ல. இங்க 12 மாசம் குடியிருந்திருக்கணும், உங்க பொண்ணு காலேஜ் போறப்ப அது தாண்டிடும், லீஸ், பே ஸ்டப், டிரைவர் லைசன்ஸ் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, ரட்கர்ஸ்ங்கற ஸ்டேட் யூனிவர்சிட்டி மாதிரி இடத்துல இன்-ஸ்டேட் பீஸுக்கும் அவுட்-ஆஃப்-ஸ்டேட் பீஸுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். ஃபாஃப்சா போட்டு முடிச்ச கையோட ஹெசாங்கற ஸ்டேட் ஏஜென்சி கேக்கற கேள்விகளுக்கும் பதில் போட்டா டியூஷன் எய்ட் கிராண்டுக்கு பாப்பாங்க, டாக்னு சொல்வாங்க. ஃபாஃப்சாவோட நின்னுட்டு இந்த ரெண்டாவது பகுதிய விட்டுட்டு, ஏன் ஸ்டேட் காசு வரலன்னு கேக்கறவங்க நெறைய. இன்னொண்ணு ஈஓஎஃப், 1968லேர்ந்து நடக்குது, வருமானம் கம்மியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு காசோட சேத்து கோடைக்கால வகுப்பு, தனி கவுன்சிலர் எல்லாம் கொடுப்பாங்க. புது நாட்ல புது ஸ்கூல்லேர்ந்து காலேஜ் போற உங்க பொண்ணு மாதிரி பிள்ளைக்கு காச விட அந்த கவுன்சிலர் தான் பெருசுன்னு நான் சொல்வேன். ஆனா காலேஜ் அப்ளிகேஷன் போடும்போதே ஈஓஎஃப்புக்கும் சேத்து போடணும், அட்மிஷன் கிடைச்சப்புறம் கேட்டா இடம் இருக்காது.

எடிசன்லயே மிடில்செக்ஸ் காலேஜ் இருக்கு, கம்யூனிட்டி காலேஜ். நம்மாளுங்க அத கேவலமா பாப்பாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. கிளாஸ்ல டாப் 15 பர்சன்ட்டுக்குள்ள வந்தா என்ஜே ஸ்டார்ஸ்னு டியூஷன் இலவசம், அது இல்லேன்னாலும் குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள்ள இருந்தா கம்யூனிட்டி காலேஜ் ஆப்பர்சுனிட்டி கிராண்ட் டியூஷன பாத்துக்கும். ரெண்டு வருஷம் முடிச்சு அசோசியேட் டிகிரி வாங்கினா ஸ்டேட் சட்டப்படி அங்க படிச்ச பாடத்துக்கான கிரெடிட் பப்ளிக் யூனிவர்சிட்டிக்கு மாறும், கடைசி ரெண்டு வருஷத்துக்கு அதே வருமான வரம்புக்கு கார்டன் ஸ்டேட் கேரன்டினு ஒரு திட்டம் இருக்கு. கடைசில கைல வர்றது அதே ரட்கர்ஸ் டிகிரி. என் சின்னவன் அப்படித்தான் படிச்சான், அவன் வேலைக்குப் போன இடத்துல யாரும் மொத ரெண்டு வருஷம் எங்கன்னு கேக்கல.

அதுக்காக பெரிய பிரைவேட் காலேஜ விலைப்பட்டியல பாத்து ஒதுக்கிடாதீங்க. பிரின்ஸ்டன் 2001லயே எய்டுல லோன எடுத்துட்டு முழுக்க கிராண்டா கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு, இடம் கிடைக்கறது தான் கஷ்டம், கிடைச்சா உங்க வருமானத்துக்கு ஸ்டேட் காலேஜ விட கம்மியா ஆகலாம். ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருந்தே ஆகணும்னு சட்டம், பேரத் தேடி உங்க வருமானத்த போட்டுப் பாருங்க, கைக்காசு எவ்வளவு ஆகும்னு ஒரு அளவு தெரியும். இந்த மாதிரி காலேஜ்ங்க நெறைய சிஎஸ்எஸ் புரொஃபைல்னு இன்னொரு ஃபார்ம் கேக்கும், அதுல ஃபாஃப்சா கேக்காத குடியிருக்கற வீட்டையும் கேப்பாங்க, வருமானம் 1,00,000 டாலருக்கு கீழ இருந்தா பொதுவா பீஸ் கிடையாது. ஸ்கூல்ல ஃப்ரீ லன்ச் தகுதி இருந்தா பொண்ணுக்கு எஸ்ஏடி பரீட்சையும் காலேஜ் அப்ளிகேஷன் பீஸும் கூட இலவசமா ஆகும், கவுன்சிலர்கிட்ட வெக்கப்படாம கேளுங்க, அவங்க வேலையே அது தான்.

வெளி ஸ்காலர்ஷிப் பத்தி கேட்டிருந்தீங்க. போடுங்க, ஆனா அத நம்பி இருக்காதீங்க. நாடு முழுக்க போட்டி போடற பெரிய ஸ்காலர்ஷிப்ப விட ஸ்கூல் கைடன்ஸ் ஆபீஸ்ல ஒட்டியிருக்கற 500, 1,000 டாலர் உள்ளூர் ஸ்காலர்ஷிப்ல வாய்ப்பு அதிகம், போடற பிள்ளைங்களே கம்மி. வெளிலேர்ந்து காசு வந்தா சில காலேஜ் அவங்க கொடுத்த கிராண்ட அந்த அளவு குறைச்சுடும், அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

இப்ப லோன். இதுல தான் நீங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், கடைசில எழுதறேனேன்னு லேசா எடுத்துக்காதீங்க. பொண்ணு பேர்ல ஃபெடரல் டைரக்ட் லோன் மொத வருஷம் 5,500 டாலர் வரைக்கும், அதுல 3,500 வரைக்கும் சப்சிடைஸ்டா இருக்கலாம், அதாவது படிக்கற வரைக்கும் வட்டிய கவர்மென்ட் ஏத்துக்கும். அடுத்த வருஷம் 6,500, அப்புறம் 7,500 7,500, மொத்தம் நாலு வருஷத்துக்கு 27,000. 2025-26க்கு வட்டி 6.39 சதவீதம். யார் கையெழுத்தும் வேண்டாம், கிரெடிட், அதாவது பழைய கடன் வரலாறு, பாக்க மாட்டாங்க, படிச்சு முடிச்சு ஆறு மாசம் கழிச்சு தான் கட்ட ஆரம்பிக்கணும். கடன் வாங்கித் தான் ஆகணும்னா இதோட நிறுத்தற மாதிரி காலேஜ பாருங்க.

அதுக்கு மேல பேரன்ட் பிளஸ்னு ஒண்ணு உங்க பேர்ல கொடுப்பாங்க. புதுசா வந்தவங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லையேன்னு நெனப்பீங்க, ஹிஸ்டரி இல்லாதத அவங்க குறையா எடுக்க மாட்டாங்க, கெட்ட கிரெடிட் இருந்தா தான் மறுப்பாங்க, அதனால உங்களுக்கு சுலபமா கிடைச்சுடும், அது தான் எனக்கு பயமா இருக்கு. 2025-26ல வட்டி 8.94 சதவீதம், அதுக்கு மேல 4 சதவீதத்துக்கும் அதிகமா ஒரு பீஸ முன்னாடியே பிடிச்சுக்குவாங்க, கடன் கடைசி வரைக்கும் உங்க பேர்ல தான், பொண்ணு பேருக்கு மாத்த முடியாது. 2026 ஜூலை 1லேர்ந்து புதுசா வாங்கறவங்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000னு வரம்பு போட்டிருக்காங்க. வரம்பு அவ்வளவு இருக்குன்னு அவ்வளவும் வாங்கிடாதீங்க. பேங்க் பிரைவேட் லோனுக்கு அண்ணன் கோ-சைன் போட்டா, பொண்ணு ஒரு மாசம் கட்டலேன்னாலும் அவர் கிரெடிட் அடிபடும், அவர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு வீட்டு லோன் வாங்கறப்ப அது குறுக்க நிக்கும். உங்கள இங்க கூட்டிட்டு வந்த மனுஷன் அவர், அந்த உறவ இதுல இழுக்காதீங்க.

எவ்வளவு எய்டுனு காலேஜ் அனுப்பற அவார்டு லெட்டர் வரும்போது இன்னொண்ணு கவனிங்க. பெருசா 38,000 டாலர் எய்டுனு போட்டிருப்பாங்க, உள்ள பாத்தா பாதி லோன், கொஞ்சம் வொர்க்-ஸ்டடி. எங்க பெரியவளுக்கு வந்த ஒரு லெட்டர்ல பேரன்ட் லோனையும் எய்டோட கூட்டி மொத்தம் காட்டியிருந்தாங்க. ஒரு பேப்பர எடுத்து மொத்தச் செலவுலேர்ந்து கிராண்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழிங்க, வர்ற நம்பர வச்சு காலேஜ்ங்கள ஒப்பிடுங்க. வேலை போச்சு, ஷிப்ட் குறைஞ்சுதுன்னு ஏதாவது மாறினா ஃபைனான்சியல் எய்டு ஆபீஸுக்கு எழுத்துல கொடுத்தா திரும்ப கணக்கு பாக்க அவங்களுக்கு அதிகாரம் உண்டு, ஒரு தடவ வந்த லெட்டரோட முடிஞ்சதுன்னு இல்ல.

இந்த மாசம் செய்ய வேண்டியது ரெண்டே, ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட ஒரு அப்பாயின்ட்மென்ட், கார்டுல பேர் சரி பாக்கறது. லெட்டருங்க வந்தப்புறம் எதுல குழப்பம்னாலும் நம்பர மட்டும் எழுதி அனுப்புங்க தம்பி, நான் உக்காந்து பாத்து சொல்றேன்.