புதிய கற்காலக் கிராம மாதிரி: ஏரை எடுத்துவிட்டு மாட்டுப்பட்டியை நடுவில் வையுங்கள்

கேள்வி: எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தென்னிந்தியப் புதிய கற்காலக் கிராமம் ஒன்றை மாதிரியாகச் செய்கிறார்கள். இணையத்தில் கிடைத்த படத்தில் சதுர வீடு, நெல் வயல், ஏர் உழும் மாடு, குயவர் சக்கரம், கூரையில் காயும் மிளகாய் எல்லாம் இருக்கின்றன. அப்படியே செய்யலாமா? – ஓர் ஆசிரியை, திருப்பத்தூர்

பதில்: வேண்டாம், டீச்சர். அந்தப் படத்தில் இருப்பது நம் தாத்தா காலத்துக் கிராமம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து ஐந்நூறு வருஷம்கூட ஆகவில்லை.

தக்காணத்தின் புதிய கற்கால ஊர்கள் ஏறக்குறைய கி.மு. 3000 முதல் 1200 வரை இருந்தவை. அவற்றின் உயிர்நாடி மாடு. அதனால் மாட்டுப்பட்டியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். தெலங்கானாவில் உட்னூர் என்ற இடத்தில் 1957-இல் தொல்லியலாளர் ஆல்ச்சின் அகழ்ந்தபோது, மரக்கம்பங்கள் ஊன்றி அடைத்த பட்டியும், சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்புத் தடங்களும் கிடைத்தன. பட்டியில் சேர்ந்த சாணத்தைக் குவித்து, திரும்பத் திரும்ப எரித்திருக்கிறார்கள். சில இடங்களில் சூடு தாங்காமல் சாம்பலே உருகி, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் சிட்டம் போல இறுகிக் கிடக்கிறது. கர்நாடகத்தின் பெல்லாரிப் பக்கம் இன்றும் அந்தச் சாம்பல் மேடுகளைப் பார்க்கலாம். உங்கள் மாதிரியில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, பிள்ளைகள் இரண்டு விரல் நுனியால் குளம்புத் தடம் பதிக்கட்டும். பக்கத்தில் வறட்டிச் சாம்பலை மேடாகக் குவியுங்கள். மாட்டுக்குத் திமில் வைக்க மறக்க வேண்டாம்.

வீடு வட்டமாக இருக்கட்டும்: அடியில் கற்கள், மேலே மூங்கில் தட்டியில் மண் பூச்சு, புல் கூரை. சக்கரம் வேண்டாம், பானைகள் பெரும்பாலும் கையால் வனைந்தவை. சாம்பல் நிறம், வழவழப்பாகத் தேய்த்த மேற்பரப்பு. ஏருக்கும் அந்த ஊர்களில் சான்று இல்லை.

நெல்லும் அன்றைய அந்த மேட்டுநிலத்துப் பயிர் அல்ல. கொள்ளு, பச்சைப்பயறு, குலசாமை போன்ற சிறுதானியம், இவைதான் சாப்பாடு. உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கும் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அந்த இரண்டையும் உண்மைத் தானியமாகவே சிறு பானைகளில் போடுங்கள்; பிள்ளைகள் வீட்டிலிருந்தே எடுத்து வருவார்கள். பையம்பள்ளியின் பழைய வீடுகள் தரையில் குழி தோண்டி அமைத்தவை. உள்ளூர் ஊரையே காட்டுவதானால் வட்டக் குடிசைக்குப் பதில் அதைச் செய்யலாம். நான் அதைத்தான் விரும்புவேன்.

வீட்டு வாசலில் அரைகல் ஒன்று அவசியம். சுற்றும் எந்திரக்கல் அப்போது கிடையாது. தட்டையான கல்லின் முன் மண்டியிட்டு, இன்னொரு கல்லை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். தேயத் தேய நடுவில் குழி விழும். அம்மியில் அரைத்த யாருக்கும் அந்தத் தோள்வலி தெரியும். அந்தக் குழியைக் களிமண் கல்லில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

இரும்புக் கருவி எதுவும் வேண்டாம். வழவழப்பான கற்கோடரிகள் போதும். பெல்லாரி அருகே ஹிரேகுட்டா என்ற குன்றில் டோலரைட் என்ற கரிய கல்லைக் கொத்தி, தேய்த்து அவற்றைச் செய்திருக்கிறார்கள். ஊரில் கிடைக்கும் கருங்கல் சில்லு ஒன்றைத் தண்ணீர் தெளித்துப் பாறையில் தேய்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தேய்த்தாலும் ஓரம் கொஞ்சம்தான் மழுங்கும். அந்தக் கல்லை அப்படியே கண்காட்சி மேசையில் வையுங்கள்.