மருத்துவத் தடைக்குப் பின் மீண்டும் விமானி இருக்கையில்: கேள்வி பதில்

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்று, நோயினால் பறப்பதை நிறுத்தியிருக்கும் அன்பர்களின் கேள்விகளுக்கு, பயிற்றுநர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவுக்கு விண்ணப்பிக்காமல், குடும்ப மருத்துவரின் பரிசோதனையையே ஏற்கும் பேசிக்மெட் முறையில் பறக்கலாமா?

பதில்: முடியாது. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த பேசிக்மெட், 2006 ஜூலை 14க்குப் பிறகு மருத்துவச் சான்று வைத்திருந்தவர்களுக்கு உரியது என்றாலும், மாரடைப்பு, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் போன்ற சிகிச்சை தேவைப்பட்ட இதயத் தமனி நோய், வால்வு மாற்று, இதய மாற்று ஆகியவற்றுக்கு, நோயை ஆராய்ந்து எஃப்ஏஏ தரும் சிறப்புச் சான்றை ஒருமுறை பெற்றே ஆக வேண்டும். அதன் பிறகு 48 மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் குடும்ப மருத்துவரே பரிசோதித்துக் கையெழுத்திடலாம். 24 மாதங்களுக்கு ஒருமுறை இணையவழிப் பாடத்தை முடித்தால் போதும்.

அந்த ஒருமுறையை அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோகிராம் அறிக்கை, கார்டியாலஜிஸ்ட்டின் கடிதம், ட்ரெட்மில் பரிசோதனையின் ஈசிஜி தாள்கள் ஆகிய அனைத்தும் கைக்கு வந்த பிறகே விண்ணப்பியுங்கள். எஃப்ஏஏ அங்கீகரித்த விமான மருத்துவரிடம் முதலில் ஆலோசனைக்காக மட்டும் செல்லுங்கள். பரிசோதனை தொடங்கிவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற இயலாது. அது நிராகரிக்கப்பட்டால் பேசிக்மெட் வழியும், ஓட்டுநர் உரிமத்தை வைத்துச் சிறு விமானம் ஓட்டும் வழியும் சேர்ந்தே அடைபடும்.

கேள்வி: ஒவ்வாமைக்கு பெனட்ரில் எடுத்தேன். நாளை பறக்கலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள டைஃபென்ஹைட்ரமினுக்கு எஃப்ஏஏ சொல்லும் இடைவெளி 60 மணி நேரம்.

கேள்வி: பைபாஸ் செய்தவருக்கும் நேரடியாக பேசிக்மெட் கிடைக்காதா?

பதில்: முதல் பதிலில் இதற்கு விடை இருக்கிறது. அறிக்கைகள் சேரும்வரை விண்ணப்பிக்க வேண்டாம்.

கேள்வி: இந்தியாவில் உரிமம் பெற்றவன் நான். இதே விதிகள்தானா?

பதில்: இல்லை. இந்திய விமான ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: சிறப்புச் சான்று வெறும் காகித வேலை. விமானி பறக்கும்போது மயங்கி விழுவது மிக அரிது. என் உடம்பு எனக்குத் தெரியாதா?

பதில்: அரிது என்பதை ஏற்கிறேன். ஆயினும் தகுதியைக் கெடுக்கும் நோய் இருப்பதை அறிந்துகொண்டே விமானப் பொறுப்பை ஏற்பதை எஃப்ஏஏவின் 61.53ஆம் விதி தடுக்கிறது. கையில் செல்லுபடியாகும் சான்று இருந்தாலும் அந்தத் தடை நீங்காது. உங்களுக்காக நான் மயக்கத்தைவிட அதிகம் அஞ்சுவது, நீண்ட காலம் ஓட்டாததால் கைப்பழக்கம் விட்டுப்போவதைத்தான்.

கேள்வி: பல ஆண்டு அனுபவம் உள்ளவனுக்கு அது எப்படி மறந்துபோகும்?

பதில்: ஓடுபாதைக்கு நேராக இடப்புறம் திரும்பும் கடைசித் திருப்பத்தை எண்ணிப் பாருங்கள். பின்காற்று தள்ளுவதால் விமானம் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போகிறது. அதிகம் சாய்க்க மனம் வராமல், மூக்கைத் திருப்புவதற்காக இடது கால் ரட்டர் எனும் வால் சுக்கானின் மிதியை அழுத்துகிறது. அதனால் கூடும் சாய்வைக் குறைக்கக் கை, விமானத்தின் கைப்பிடிச் சக்கரமான யோக்கை வலப்புறம் திருப்புகிறது. மூக்கு தாழ்வதைக் கண்டு அதே கை யோக்கைப் பின்னுக்கும் இழுக்கிறது. பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியிலுள்ள பந்து வலது ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பதைக் கண் கவனிப்பதில்லை. இந்நிலையில் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தால், விமானம் இடப்புறமாகப் புரண்டு சுழலும். மீட்டெடுக்க அங்கே உயரம் இருக்காது. உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பினாலே ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடும் என்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். படித்தது விரலுக்கும் காலுக்கும் வர, பயிற்சி விடாமல் நடக்க வேண்டும்.

ஆகவே சான்றுக்குக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். பயிற்றுநர் பொறுப்பு விமானியாக இருந்தால், உங்களிடம் மருத்துவச் சான்று இல்லாவிட்டாலும் அருகில் அமர்ந்து நீங்களே ஓட்டலாம். 24 மாதங்களுக்கு ஒருமுறை தேவைப்படும் பறத்தல் மதிப்பாய்வையும் அப்படியே முடிக்கலாம்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தவருக்கு?

பதில்: பேஸ்மேக்கருக்கென்று மட்டும் பேசிக்மெட்டில் அந்த ஒருமுறைச் சிறப்புச் சான்று கட்டாயமில்லை. முதல் பதிலில் சொன்ன நோய்களில் ஏதேனும் கூடவே இருந்தால் அதற்குத் தேவை.

கேள்வி: சான்று கிடைத்ததும் மனைவியை அழைத்துச் செல்லலாமா?

பதில்: முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலெழும்பித் தரையிறங்கியிருந்தால் அழைத்துச் செல்லலாம். இரவில் என்றால், அந்த மூன்றையும் இரவிலேயே, ஒவ்வொரு முறையும் ஓடுபாதையில் முழுமையாக நிறுத்திச் செய்திருக்க வேண்டும்.