நல்ல நுரையீரல் ஏன் கீழே இருக்க வேண்டும்?

கேள்வி: வலது நுரையீரலில் நிமோனியா கண்ட என் மாமனாரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்த சற்று நேரத்தில், விரலில் மாட்டியிருந்த கருவியில் 89 என்றிருந்த ஆக்சிஜன் அளவு 94-க்கு ஏறியது. ஆக்சிஜனை யாரும் கூட்டி வைக்கவில்லை. பிறகு எப்படி ஏறியது?
– வாசகி ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: ரத்தம் போகும் இடம் மாறியதுதான் முக்கியக் காரணம். ஓய்வாக இருப்பவரின் காற்றறைகளுக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்றும், அவற்றைச் சூழ்ந்த தந்துகிகளுக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தமும் வருகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் ஆக்சிஜன் கைமாறும். வள்ளலார் நகரில் கூட்டம் காத்திருக்க, காலி பஸ்கள் திருவொற்றியூரில் போய் நின்றால் யாருக்கு என்ன பயன்?

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் சுமார் 15 மி.மீ. பாதரசம்தான், மற்றத் தமனிகளில் இது 90-ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும் ரத்தம் புவியீர்ப்புக்கு எளிதில் இணங்கி, உடலின் எந்தப் பக்கம் கீழே இருக்கிறதோ அந்தப் பக்கமே மிகுதியாகச் செல்லும். உங்கள் மாமனார் இடப்பக்கம் சாய்ந்ததும், சளியும் நீரும் அடைத்த வலப்பக்கத்தை விட்டு, காற்று தாராளமாக வந்துபோகும் இடப்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் சென்றிருக்கும்.

நுரையீரலுக்குச் சொந்தமாகவும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற உறுப்புகளில் ரத்தக் குழாய்கள் விரியும்; நுரையீரலிலோ, காற்று வராத பகுதியின் சிறு தமனிகள் சுருங்கி, ரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். சுவீடனைச் சேர்ந்த வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் கண்ட இந்தச் சுருக்கத்தை 1946-இல் வெளியிட்டார்கள். நிமோனியாவின் அழற்சி இதை மட்டுப்படுத்திவிடுவதால், ரத்தத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் பெறாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. அந்தப் பங்குக்கு, குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் போய்ச் சேராது; படுக்கும் பக்கத்தை மாற்றுவது பலன் தருவது இதனால்தான்.

இதை எல்லோருக்கும் பொதுவான விதியாகக் கொள்ள வேண்டாம். கைக்குழந்தைகளுக்குக் காற்று பெரும்பாலும் மேலிருக்கும் நுரையீரலுக்கே கூடுதலாகச் செல்வதால், அவர்களுக்கு நல்ல பக்கம் மேலே இருப்பதே உதவும். நுரையீரலில் ரத்தக் கசிவு உள்ளவர்களையும், அந்த ரத்தம் நல்ல பக்கத்துக்குள் வழிந்துவிடாதபடி, பாதித்த பக்கம் கீழே இருக்கும்படிதான் படுக்க வைப்பார்கள்.