பழுது ரிசீவரில் இல்லை

கேள்வி: ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை என் விண்டோஸ் லேப்டாப்புடன் பேரிங் செய்துவிட்டேன். ப்ளூடூத் அமைப்பில் காம் 5 இன்கமிங், காம் 6 அவுட்கோயிங் என இரண்டு போர்ட்கள் தெரிகின்றன. காம் 5-ஐத் தேர்ந்தெடுத்தும் மேப் மென்பொருளில் நான் இருக்கும் இடம் வரவில்லை. ரிசீவர் பழுதா?

பதில்: ரிசீவரைச் சந்தேகிக்கும் முன் காம் 6-க்கு மாற்றிப் பாருங்கள். என் முதல் ரிசீவரோடு நானும் ஒரு மாலை முழுக்க இப்படித்தான் மல்லுக்கட்டினேன். தகவல் கணினிக்குள் வருகிறது, அப்போது இன்கமிங்தானே சரி என்று நினைத்தேன். அந்தப் பெயர்கள் தகவல் போகும் திசையைக் குறிப்பவை அல்ல; இணைப்பை யார் தொடங்குவது என்பதைக் குறிப்பவை. ரிசீவர் சும்மா காத்துக்கொண்டிருக்கும், கணினிதான் கூப்பிட வேண்டும். ஆகவே அவுட்கோயிங். மென்பொருள் வேகம் (baud rate) கேட்டால் 4800 கொடுங்கள். ஜிபிஎஸ் ரிசீவர்கள் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் என்எம்இஏ 0183 தரத்தின் வழக்கமான வேகம் அது. ப்ளூடூத்தில் பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும் ஓடும்.

அப்புறமும் இடம் வரவில்லையா? மேப்பை மூடிவிட்டு, ‘பட்டி’ (PuTTY) போன்ற, போர்ட்டில் வருவதை அப்படியே எழுத்தாகக் காட்டும் டெர்மினல் மென்பொருளில் காம் 6-ஐச் சீரியல் இணைப்பாகத் திறங்கள். டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓடினால் இணைப்பு சரி. அவற்றில் ‘ஆர்எம்சி’ (RMC) என்ற வரியைத் தேடுங்கள். நேரத்துக்கு அடுத்து ‘வி’ (V) இருந்தால் இடம் இன்னும் கிடைக்கவில்லை, ‘ஏ’ (A) இருந்தால் கிடைத்துவிட்டது. நான் எப்போதும் முதலில் பார்ப்பது இந்த ஓர் எழுத்தைத்தான்.

‘வி’ மாறாவிட்டால் ரிசீவரைத் திறந்த வானத்தின் கீழ் வையுங்கள். உயரத்தோடு இடம் கணக்கிட 4 செயற்கைக்கோள்களாவது வேண்டும். ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் சிக்னல் விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்காதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கிடக்கட்டும்.

மேப்பைத் திரும்பத் திறக்கும் முன் டெர்மினலை மூட மறக்காதீர்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். பேரிங்கை நீக்கி மறுபடி செய்தால் போர்ட் எண் மாறக்கூடும்; அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.