ஒசாகாவுல வயிறு முதல்ல, கோட்டை அப்புறம்தான்

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி ஜப்பான்ல இருக்குற ஒசாகா பத்திதான். நம்ம பக்கத்து புள்ளைங்க நெறைய பேர் அங்க வேலைக்கு போயிட்டாங்க போல, அப்பா அம்மா எல்லாம் பாஸ்போர்ட் எடுத்துட்டு ரெடியா இருக்கீங்க.

பையன் ஒசாகாவுல வேலை பாக்குறான், எங்க ரெண்டு பேரையும் வரச்சொல்றான். அவனுக்கு லீவு அஞ்சு நாள்தான். வீட்ல அவங்களுக்கு முட்டி வலி. எதை பாக்கலாம், எதை விடலாம்? - லாஸ்பேட்டை வாசகர்

சார், முதல்ல யுனிவர்சல் ஸ்டுடியோவை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க, அது நாள் பூரா க்யூல நிக்கிற இடம், பேரப்புள்ளைங்க வந்தப்புறம் பாத்துக்கலாம். கோட்டைக்கு போங்க, ஆனா உள்ள போகாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது. ஹிதேயோஷிங்கிற அந்த காலத்து தளபதி 1583ல கட்ட ஆரம்பிச்ச கோட்டைன்னு பேரு, இப்ப நிக்கிற கோபுரம் 1931ல காங்கிரீட்ல எழுப்பினது, உள்ள லிஃப்ட் வச்ச மியூசியம், டிக்கெட்டும் 2025 ஏப்ரல்ல 600 யென்ல இருந்து 1200 ஆயிடுச்சு. அகழியும் மதிலும்தான் உண்மையிலேயே பழசு, அதுக்கு காசு கிடையாது. சகுரா வாசல் தாண்டின உடனே ஒரு ஒத்தக்கல் நிக்கும் பாருங்க, 100 டன்னுக்கு மேலன்னு கணக்கு, அதை எப்படி படகுல ஏத்தி கொண்டாந்தானுங்கன்னு யோசிச்சிக்கிட்டே அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துடலாம்.

அம்மாவுக்கு புடிக்கிற இடம் ஹோசென்ஜி. தோதொன்போரி கால்வாய், அந்த ஓடுற ஆள் படம் போட்ட கிளிகோ மிட்டாய் கம்பெனி போர்டு, நண்டு காலை ஆட்டுற கடை எல்லாம் இருக்குற சந்தடிக்கு ஒரே ஒரு சந்து பின்னாடி. சின்ன கோயில், உள்ள ஃபுதோ சாமி சிலை, வர்றவங்க எல்லாம் அகப்பையில தண்ணி மொண்டு ஊத்தி ஊத்தி சிலை முழுக்க பச்சைப்பாசி, கண்ணு மூக்கே தெரியாது. ராத்திரில போங்க. அங்க எப்படி கும்புடணும்னு நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு யாரும் சொல்லித்தர தேவையில்ல.

ஒரு நாள் நாராவுக்கு ஒதுக்குங்க, நம்பாவுல கின்தெட்சு ரயில் ஏறினா ஏறக்குறைய 40 நிமிஷம், மாற வேண்டாம், மான் கூட்டமும் தோதாய்ஜி பெரிய புத்தரும் பாத்துட்டு சாயந்திரம் திரும்பிடலாம். இன்னொரு நாள் கையூகான் மீன்காட்சி. எஸ்கலேட்டர்ல மேல ஏத்திவிட்டுடுவாங்க, அப்புறம் சரிவுல சுத்தி சுத்தி இறங்குறதுதான், நடுவுல பெரிய தொட்டில திமிங்கலச் சுறா நம்ம கூடவே வரும். மிச்ச நாள் சும்மா ஊர் சுத்துங்க. ஆங், எஸ்கலேட்டர்ல வலது பக்கம் நில்லுங்க, டோக்கியோல இடது பக்கம், இங்க இப்படித்தான்.

நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினி கிடக்கணுமா? - திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பட்டினி இல்லம்மா, ஆனா உஷாரா இருக்கணும். அங்க வில்லன் கறி இல்ல, தாஷி. கொம்புன்னு ஒரு கடற்பாசியும் காஞ்ச சூரை மீன் சீவலும் போட்டு கொதிக்கவச்சு வடிகட்டின தண்ணி, அதுதான் அந்த ஊர் சமையலுக்கே அஸ்திவாரம். மிசோ சூப், உதோன்னு தடிமனான நூடுல்ஸ், காய் வேகவைக்கிறது எல்லாத்துலயும் இருக்கும். கிட்சுனெ உதோன்னு ஒசாகாவோட சொந்த ஐட்டம், மேல இனிப்பா பொரிச்ச டோஃபு மிதக்கும், பாத்தா சைவமாத்தான் தெரியும், குழம்புல மீன் இருக்கும். 'கறி வேணாம்'னு சொன்னா அவங்க கறியை மட்டும்தான் எடுப்பாங்க, அவங்களை சொல்லி குத்தமில்ல. அதனால 'தாஷி, மீன், கறி, முட்டை எதுவும் கூடாது'ன்னு ஜப்பான் மொழியில போன்ல எழுதி வச்சு காமிச்சிடுங்க.

அவிச்ச எடமாமே (பச்சை சோயா) காய், வெறுஞ்சோறு, பழம் எங்கயும் கிடைக்கும். இச்சிபான்யான்னு குழம்புச்சோறு கடை, நெறைய கிளைல சைவ குழம்பு தனியா வச்சிருக்காங்க. தென்னிந்திய ஓட்டலும் ஒசாகாவுல இருக்கு, மொத நாளே பையனையோ பொண்ணையோ விட்டு தேடி வச்சிக்கிட்டா நிம்மதி. தக்காளி தொக்கு ஒரு பாட்டில் பெட்டில வச்சிக்கோங்க, அதை நான் சொல்லணுமா என்ன.

நாங்க மீன்காரங்க, எதையும் சாப்பிடுவோம். எங்களுக்கு சொல்லுங்க அண்ணே. - கடலூர் ஓ.டி. வாசகர்

அப்ப உங்களுக்குத்தான் தம்பி அந்த ஊரு! தகோயாகில ஆரம்பிங்க. பேய்க்கணவாய் துண்டு வச்ச பணியாரம்னு வச்சிக்கோங்க, 1935 வாக்குல ஒசாகாவுலதான் பொறந்துச்சு. கடை முன்னாடி நின்னு செய்யறதை பாக்கணும். குழிக்கல்லு நெறைஞ்சு வழியற அளவுக்கு தாஷி கலந்த தண்ணி மாவை ஊத்திடுவான், குழிக்கு ஒரு துண்டு, மேல வெங்காயத்தாள், செவப்பு இஞ்சி ஊறுகா தூவிட்டு, ரெண்டு கையிலயும் ஊசி மாதிரி கம்பி வச்சு வழிஞ்ச மாவை எல்லாம் உள்ள தள்ளித்தள்ளி திருப்புவான் பாருங்க, கை போற வேகமே தெரியாது, கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள எல்லாம் உருண்டை ஆயிருக்கும். அப்புறம் சாஸ், மயோனைஸ், மேல மீன் சீவல், அது அந்த சூட்டுல நெளிஞ்சு ஆடும். முழுசா வாயில போட்டுடாதீங்க, உள்ள கூழா கொதிச்சிட்டு இருக்கும், நாக்கு வெந்துடும். ஆறு இல்ல எட்டு உருண்டை 500ல இருந்து 900 யென்னுக்குள்ள. ரூபா கணக்குக்கு யென்னை பாதியாக்கி கொஞ்சம் கூட்டிக்கோங்க.

அடுத்தது ஒகோனோமியாகி, முட்டைகோஸ் அடை, கல்லு நம்ம மேஜைலயே இருக்கும், சாதாரணமா பன்றிக்கறி போட்டுத்தான் வரும். வேணாம்னா 'புத்தா' வேணாம்னு சொல்லுங்க, மாட்டுக்கறிக்கு 'கியூ'. ஷின்செகாய் பக்கம் போனா குஷிகாட்சு, குச்சில குத்தி பொரிச்சது, கறி மீன் காய் எல்லாம் இருக்கும், மேஜைல பொதுவா ஒரு சாஸ் டப்பா, அதுல ஒரு தடவைதான் முக்கணும், கடிச்சதை திரும்ப முக்கினா சண்டைக்கு வருவாங்க. இப்ப நெறைய கடைல பாட்டிலா மாத்திட்டாங்க, நல்லதுதான்.

குரோமோன் மார்க்கெட்டுன்னு எல்லா வீடியோலயும் காமிப்பாங்க. அங்க நண்டு காலு, இறால் குச்சி எல்லாம் டூரிஸ்ட் வெலை, துறைமுகத்துல நின்னு மீன் ஏலம் பாத்த உங்களுக்கு வயிறு எரியும். ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, வாங்காதீங்க. மீன் வேணும்னா காலைல கிசு மார்க்கெட் போங்க, ஊர்க்காரங்க வாங்குற இடம்.

அந்த ஊர்ல சரக்கு எப்படி? - முத்தியால்பேட்டை வாசகர்

புதுச்சேரியில இருந்துட்டு இந்த கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம். 20 வயசு ஆகியிருக்கணும், பெட்டிக்கடை மாதிரி தெருவுக்கு தெரு இருக்குற கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே பீர் கிடைக்கும். ஆனா அறைல குடிக்கவா அவ்ளோ தூரம் போறோம்? தென்மா, கியோபாஷி பக்கம் நின்னுக்கிட்டே குடிக்கிற சின்ன கடைங்க இருக்கு, ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்க ஒரு கிளாஸ், ரெண்டு தட்டுன்னு கிளம்பிடுவாங்க, அங்க போங்க. உக்காந்து குடிக்கிற இசகாயாவுல நீங்க கேக்காமலே ஒரு குட்டி கிண்ணம் வந்து பில்லுலயும் ஏறும், ஏமாத்து வேலைன்னு சண்டை போடாதீங்க, உக்காந்ததுக்கு காசு அது. விஸ்கி பிரியர்னா சன்டோரியோட யமசாகி ஆலை ஒசாகா கியோட்டோ நடுவுல இருக்கு, 1923ல ஆரம்பிச்சது, முன்பதிவு இல்லாம உள்ள விடமாட்டாங்க.

குடிக்காதவங்களுக்கு பழைய காபி கடைல மிக்ஸ் ஜூஸ், பாலும் வாழைப்பழமும் டின் பழமும் அடிச்சது, ஒசாகா ஸ்பெஷல்.

ஆகஸ்ட்ல டிக்கெட் கம்மியா இருக்கு, போலாமா? - நெல்லிக்குப்பம் வாசகர்

வேணாம். 35 டிகிரி, கடலோர புழுக்கம், அதுக்கு இங்கயே இருக்கலாம். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் சகுரா, அதான் செர்ரிப்பூ, இல்லன்னா நவம்பர்.

பொண்ணுக்கு கருவாடும் கறிவேப்பிலையும் எடுத்துட்டு போலாமா? - தேவனாம்பட்டினம் வாசகி

பச்சை கறிவேப்பிலை, மாங்கா, பழம் எல்லாம் ஏர்போர்ட்ல புடுங்கிடுவாங்கம்மா, மட்டன் சிக்கன் ஊறுகா போட்டதும் கூடாது. கருவாடு அந்த தடைல வராது, பொடி வகையும் பரவாயில்ல. நாலு கவர் போட்டு நல்லா சுத்துங்க, பெட்டி திறக்க சொன்னா என்னன்னு சொல்லிடுங்க, அங்க மீன் வாடைக்கு மூஞ்சி சுளிக்கிறவங்க கம்மிதான்.