மாற்று இதயத்துக்குப் பதியச் சொன்னால் கைவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். இப்போது எக்கோவில் பம்பிங் 20 சதவீதம். இந்த வருடம் மூச்சுத்திணறலால் இரண்டு முறை அட்மிட் ஆனார். பிபி குறைகிறது என்று ஒரு மாத்திரையை நிறுத்தி, நீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மாற்று இதயத்துக்குப் பரிசோதித்துப் பதியச் சொல்கிறார் டாக்டர். இனி ஒன்றும் செய்ய முடியாது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரா? வறட்டு இருமலும் முழங்கால் வலியும் உண்டு. வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். அடுத்தவர் இதயம் வைத்தால் குணம் மாறுமா? பன்றி இதயம், ஸ்டெம் செல் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?
- வாசகி, சேலம்

பதில்: கைவிடவில்லை. கைவிட நினைக்கும் டாக்டர் மாத்திரைச் சீட்டை அப்படியே தொடரச் சொல்லி அனுப்பிவிடுவார், பதியச் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். அந்த 20 சதவீதம் என்ற எண்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. அதே எண்ணோடு வருடக்கணக்கில் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: ஒரே வருடத்தில் இரண்டு அட்மிஷன், பிபி தாங்காமல் நிறுத்திய மாத்திரை, கூட்டிய நீர் மாத்திரை. இதயத்தைக் காக்கும் மருந்தையே உடம்பு தாங்கவில்லை என்றால், மருந்தால் மட்டும் சமாளிக்கும் கட்டம் முடிகிறது. அறுவை சிகிச்சைக் குழுவைப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.

ஏன் அவசரம்? இதயம் தள்ளாத ரத்தம் நுரையீரலில் தேங்கி, அங்குள்ள ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். அது நாளடைவில் இறங்காமல் நிலைத்துவிட்டால், புதிதாக வைக்கும் நல்ல இதயமும் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் தோற்கும். அப்புறம் மாற்று இதயம் மட்டும் வைக்க முடியாது. சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டால் அதே கதைதான். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு, தகுதி போனபின் ஸ்ட்ரெச்சரில் வருபவர்கள்தான் அதிகம். பதிந்துவிட்டால் நாளைக்கே ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள். ரத்த வகையும் உடல் அளவும் பொருந்த வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். சாலையைக் காலி செய்து ஆம்புலன்ஸ் விடுவது அதற்காகத்தான். தமிழ்நாட்டில் யாருக்கு என்பதை அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் வரிசை தீர்மானிக்கிறது; வேறு எவரிடமும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கும் இடமுண்டு, கேளுங்கள்.

பலன்? 1967இல் கேப் டவுனில் முதல் மாற்று இதயம் பெற்றவர் 18 நாள் வாழ்ந்தார். இன்று மாற்று இதயம் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்.

இதயம் கிடைக்கும்வரை தாங்காது என்றாலோ, மாற்று இதயமே சரிப்படாது என்றாலோ எல்விஏடி என்ற பம்ப் உண்டு. இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குத் தள்ளும். இப்போதைய ஹார்ட்மேட் 3இல் உள்ளே சுழலும் பகுதி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதக்கிறது. பழைய பம்ப்புகளைப் போல ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது மிகக் குறைவு. பெரிய ஆய்வில் ஐந்து ஆண்டுகள் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள். சங்கடங்களும் உண்டு. வயிற்றிலிருந்து ஒரு கம்பி வெளியே வரும், அந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். எந்நேரமும் பேட்டரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

மற்றவை. குணம் மாறாது, ரசத்தில் உப்பில்லை என்று கோபப்படுபவர் அப்படியேதான் இருப்பார். பன்றி இதயம் 2022இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்கு வைக்கப்பட்டது, இரண்டு மாதம் வாழ்ந்தார்; அடுத்தவர் ஏறக்குறைய ஆறு வாரம். ஆராய்ச்சிக்குப் பெரிய விஷயம், உங்கள் அப்பாவுக்கு இப்போது பயனில்லை. ஸ்டெம் செல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். வறட்டு இருமல் சில பிபி மாத்திரைகளால் வரும், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். படுத்தால் மட்டும் வருகிறது என்றால் அது நுரையீரலில் நீர் தேங்குவதாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

ஆனால் அந்த முழங்கால் மாத்திரை! டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த இரண்டு அட்மிஷனில் ஒன்றுக்காவது அதுவே காரணமாக இருந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இன்றோடு நிறுத்துங்கள், வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று இதய டாக்டரைக் கேளுங்கள். இன்னொன்று: மாற்று இதயம் பெற்றவர் அதை உடல் நிராகரிக்காமலிருக்க ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். இஷ்டத்துக்கு மாத்திரை வாங்கிப் போடுபவருக்கு இதயம் கொடுக்க எந்தக் குழுவும் யோசிக்கும். இதை அப்பாவிடமே படித்துக் காட்டுங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். பழைய எக்கோ, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மாற்று இதயக் குழுவைப் பாருங்கள்.